எஞ்சினுக்கு மூச்சுப் பயிற்சி தந்த வால்ட்டர் காடன்

சேலம், நாமக்கல் பக்கத்தில் லாரிப் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றின் நடுவே பழைய ராஜ்தூத், யெஸ்டி, ஆர்.எக்ஸ். 100 வண்டிகளைப் பழுது பார்க்கும் சிறு பட்டறைகளும் உண்டு. அங்கே சிலிண்டரைக் கழற்றி, அதன் சுவரிலுள்ள துளைகளை உருண்டை அரத்தால் ராவி அகலப்படுத்துவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ‘போர்ட் வேலை’ என்பது அதன் பெயர். அந்தக் கைவேலையை விஞ்ஞானமாக உயர்த்திய ஒருவரின் வரலாற்றை மாணவ நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

வால்ட்டர் காடன் 1919 செப்டம்பர் 1ஆம் நாள் ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்திலுள்ள போபர்ஷாவ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை, டி.கே.டபிள்யூ. மோட்டார் சைக்கிள் நிறுவன அதிகாரி ஒருவரின் கார் ஓட்டுநர். கெம்னிட்ஸ் நகரில் பொறியியல் கற்ற காடன், போர்க்காலத்தில் ஹென்ஷல் விமான நிறுவனத்தில் வானொலியால் இயக்கப்படும் குண்டுகளை உருவாக்கும் பிரிவில் பணிபுரிந்தார். போர் முடிந்ததும் ஊர் திரும்பி மர வேலைத் தொழில் நடத்தினார். ஓய்வு நேரத்தில் பந்தய மோட்டார் சைக்கிள் கட்டினார். அதன் திறனைக் கண்ட சோப்பாவ் நகரத் தொழிற்சாலை, 1953இல் தன் பந்தயப் பிரிவை அவரிடம் ஒப்படைத்தது. பின்னர் எம்.இசட். எனப் பெயர் பெற்றது அதுவே.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு வால்வு இல்லை. பிஸ்டன் மேலும் கீழும் போகையில் சிலிண்டர் சுவரின் துளைகள் திறந்து மூடும். புதிய பெட்ரோல் கலவை உள்ளே வரும்போது புகை வெளியேறும் துளையும் திறந்தே இருக்கும். ஆகவே கலவையில் ஒரு பகுதி எரியாமலே ஓடிவிடும். இந்தக் குறையைத்தான் காடன் எதிர்த்தார்.

முதலில், கலவை நுழையும் வழியில் சுழலும் தகடு ஒன்றைப் பொருத்தினார். இது சிம்மர்மன் என்பவரின் முறை. அதை மேம்படுத்தியவர் காடன். அடுத்து, மூன்றாவது துளை ஒன்றின் வழியே கலவையைச் செலுத்திப் பிஸ்டனின் சூட்டையும் தணித்தார். பிறகு புகைக் குழாயை எடுத்துக்கொண்டார். நாதசுரத்தின் அணசுபோல் விரிந்து, பின் குறுகும் குழாய் அது. நாம் ஆய்வுக்கூடத்தில் செய்யும் ஒத்ததிர்வுத் தம்பச் சோதனையின் தத்துவமே இங்கும் வேலை செய்கிறது. விரியும் பகுதியிலிருந்து திரும்பும் அலை புகையை உறிஞ்சும். குறுகும் பகுதியிலிருந்து திரும்பும் அலை, தப்பியோடும் கலவையை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளும். அலைநோக்கிக் கருவியைக் கொண்டு இதை ஆராய்ந்து அவர் அளவுகளை வகுத்தார். 1961இல் அவருடைய 125 சி.சி. எஞ்சின் 25 குதிரைத் திறன் தந்தது. லிட்டருக்கு 200 என்ற அந்தக் கணக்கு அதுவரை எவரும் எட்டாதது.

அதே ஆண்டில் பேரிடி விழுந்தது. ஆகஸ்டில் பெர்லின் சுவர் எழுந்தது. செப்டம்பரில், உலகப் பட்டத்தை நெருங்கியிருந்த அவரது வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர், சுவீடன் பந்தயத்தில் எஞ்சின் பழுதானபின் கிழக்கு ஜெர்மனிக்குத் திரும்பாமல் மேற்கே தப்பினார். பட்டம் ஹோண்டா வீரர் டாம் ஃபிலிசுக்குப் போனது. காடனின் நுட்பங்களை அறிந்திருந்த டெக்னர் சுசுகியில் சேர்ந்து, 1962இல் 50 சி.சி. உலகப் பட்டம் வென்றார். டூ ஸ்ட்ரோக் வண்டி வென்ற முதல் உலகப் பட்டம் அது. காடனின் வண்டிகளோ 13 கிராண்ட் பிரீ வெற்றிகள் பெற்றும் ஒருமுறைகூட அந்தப் பட்டத்தைத் தொடவில்லை. பிறந்த மண்ணை விட்டுப் போகாமல் உழைத்த அவர் 1996 மார்ச் 3ஆம் நாள் மறைந்தார்.

அவர் கண்ட உண்மைகள் ஜப்பானிய எஞ்சின்கள் வழியே உலகெங்கும் பரவின. மண்பாதைப் பந்தய வண்டிகளும் அவற்றால் வேகம் பெற்றன. யமஹாவின் முதல் வண்டியே சோப்பாவில் பிறந்த ஒரு டி.கே.டபிள்யூ. வண்டியின் சாயல்தான். ஆகவே நம் ஊர்ச் சாலையில் ஓடும் ஆர்.எக்ஸ். 100க்கும் அந்த ஊரோடு தூரத்து உறவு உண்டு.

புகைத் துளையின் மேல் விளிம்பைச் சற்று உயர்த்தினால் உச்ச வேகம் கூடும். ஆனால் குறைந்த வேகத்தில் இழுவை குன்றும். மண்ணிலும் மேட்டிலும் ஏற அந்த இழுவைதான் வேண்டும். ராவிய இரும்பு திரும்ப வளராது. எனவே அரத்தை எடுக்குமுன் அளவுகோலை எடுக்க வேண்டும். பட்டம் பெறாத அந்தப் பொறியாளர் பட்டம் பெறப்போகும் நமக்கு விட்டுச்சென்ற பாடம் இதுவென்றே நான் கருதுகிறேன்.