‘சொப்பனம்’னு பேர் வெச்ச படகு: வேலையை விட்டுட்டுக் கடலுக்குப் போன ராபின்சன்!

கோயம்புத்தூர்ல கடல் இல்லைங்க. நமக்குப் படகுன்னா வாலாங்குளம், இல்லாட்டி ஊட்டி போட் ஹவுஸ். அரை மணி நேரம், நாலு செல்ஃபி, முடிஞ்சது. ஆனாலும் படகிலேயே குடியிருந்து ஊர் சுற்றுறவங்க வீடியோவை ராத்திரி ஒரு மணிக்குப் பார்த்துட்டு, நாமும் கிளம்பிட்டா என்னன்னு யோசிக்காதவங்க குறைவு. 1928-லேயே அப்படிக் கிளம்பிய ஒருத்தர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன்.

1902-ல் அமெரிக்காவின் மிச்சிகன் ஏரிக்கரையில் இருக்கும் கெனோஷாவில் பிறந்தவர். படிச்சது இன்ஜினீயரிங். இருபதுகளின் நடுவில் ஒரு பாய்மரப் படகை வாங்கினார். நீளம் 32 அடி சொச்சம்தான், நம்ம டவுன் பஸ்ஸைவிடச் சின்னது. அதுக்கு அவர் வெச்ச பேர் ‘ஸ்வாப்’. நாம சொப்பனம்னு சொல்றோமே, அதே சம்ஸ்கிருத வேர்ல வந்த பேர்.

பெருங்கடல் அனுபவம் பெரிசா இல்லை. கூகுள் மேப்ஸ் இல்லாத காலம். செக்ஸ்டன்ட் கருவியில் சூரியனோட உயரத்தை அளந்து, கடிகாரத்தைப் பார்த்து, கணக்குப் போட்டுத்தான் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கணும். பூமத்திய ரேகைப் பக்கம் கடிகாரம் நாலு விநாடி தப்பினா, கணக்கு ஒரு கடல் மைல் தப்பும். இதையெல்லாம் போற வழியிலேயே பழகிக்கிட்டார். பெர்முடா, பனாமா, தாஹிட்டி... அங்கே எத்தேரா என்ற தீவுக்காரர் கூட்டாளியா ஏறிக்கிட்டார். அப்புறம் இலங்கை, செங்கடல், சூயஸ். 1931 நவம்பரில் நியூயார்க் திரும்பினப்போ, அதுவரை உலகைச் சுற்றிய படகுகளிலேயே சின்னது ஸ்வாப்தான். புத்தகம் வந்தது, புகழ் வந்தது.

வீடியோக்களில் வராத பகுதி இனிமேதான். மனைவி ஃபிளாரன்ஸோட மறுபடியும் கிளம்பினார். ஆள் அரவமே இல்லாத காலபகஸ் தீவு ஒன்றில் அவருக்குக் குடல்வால் வெடிச்சிடுச்சு. பக்கத்துல ஆஸ்பத்திரி இல்லை, படகுல ரேடியோவும் இல்லை. தற்செயலா வந்த ஒரு சூரை மீன்பிடிக் கப்பல்ல ரேடியோ இருந்ததால பனாமாவுக்குத் தகவல் போச்சு. அமெரிக்கக் கடற்படை விமானத்தில் டாக்டர்களை அனுப்பியது, போர்க்கப்பலும் வந்தது. உயிர் பிழைச்சார். ஆனா அங்கேயே விட்டுட்டு வந்த ஸ்வாப், திரும்ப அவர் கைக்கு வரவே இல்லை. அந்த மீன்பிடிக் கப்பல் ஒரு வாரம் தள்ளி வந்திருந்தா இந்தக் கட்டுரையே இல்லை.

அதுக்கப்புறம் கடலை விட்டாரா? இல்லை. யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் நம்ம தமிழ் மேஸ்திரிகள் வேப்ப மரத்தில் கட்டிய 89 அடிப் பாய்க்கப்பல் ‘அன்னபூரணி’ மேல அவர் கண் விழுந்தது. வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அஞ்சு பேர் அதை ஓட்டிக்கிட்டு, பாதி வழியில் ஏறின அமெரிக்கக் கேப்டனோட, 1938-ல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தாங்க. ராபின்சனுக்குக் கனவா இருந்த கடல், அவங்களுக்குத் தலைமுறை தலைமுறையா வந்த பிழைப்பு. ஆனா கப்பலோட பேரை மட்டும் ‘ஃபிளாரன்ஸ் சி. ராபின்சன்’னு மாத்திட்டார். என்னைக் கேட்டா, அன்னபூரணியே நல்ல பேர்.

இன்னொண்ணும் சொல்லிடணும். ஃபிளாரன்ஸ் பெரும் பணக்கார வீட்டுப் பொண்ணு. ரெண்டாவது சுற்று, முதல் சுற்று மாதிரி ஒத்தைப் பையனோட கைக்காசுக் கதை இல்லை. அந்தக் கல்யாணமும் நிலைக்கலை.

சொந்தமா கப்பல் கட்டும் தளம் வெச்சு, ரெண்டாம் உலகப் போர் நடந்துக்கிட்டிருக்கும்போதே தனக்காக 70 அடியில் ‘வருவா’ என்ற பாய்க்கப்பலைக் கட்டினார். போர் முடிஞ்சதும் அதுல தாஹிட்டிக்கே போயிட்டார். அங்கே அவரை உலுக்கியது யானைக்கால் நோய். தீவுக்காரங்க வீங்கின காலோட நடக்கிறதைப் பார்த்து, அந்த நோயை ஆராய 1940-களின் கடைசியில் தாஹிட்டியில் ஒரு மருத்துவ ஆய்வு நிறுவனம் உருவாகக் காரணமானவர்கள்ல ஒருத்தரானார். டாக்டருக்காகக் காத்துக் கிடந்த அந்தக் காலபகஸ் நாள்கள் அவர் மனசுல இருந்திருக்கும்னுதான் தோணுது. நடுநடுவே வருவாவில் தென்கடல் புயல்களுக்குள்ளயும் போயிட்டு வந்து, அதையும் புத்தகமா எழுதினார்.