தன்னந்தனியே புறப்பட்ட இப்னு பதூதா

ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கிற நமக்கு இப்னு பதூதாவின் சரித்திரம் அந்நியமானது அல்ல. நாகப்பட்டினத்தில் கப்பலேறி இந்தப் பினாங்குத் துறையில் வந்து இறங்கிய நம் முன்னோரில் பலர் தனி ஆளாகவே வந்தார்கள். கையில் ஒரு பெட்டி, மடியில் கொஞ்சம் காசு, அவ்வளவுதான் ஆஸ்தி. துறையில் யாராவது ஒருவர் ஸலாம் சொல்லி அழைத்துப் போய்ச் சோறு போட்ட கதை அநேகமாக எல்லாக் குடும்பத்திலும் உண்டு. ஏறக்குறைய 700 வருஷங்களுக்கு முன்னே அப்படித் தனியே புறப்பட்டவரின் வரலாற்றைத்தான் இங்கே சுருக்கமாகச் சொல்லப் போகிறேன்.

அபூ அப்துல்லாஹ் முஹம்மது என்னும் இப்னு பதூதா மொராக்கோ தேசத்துத் தான்ஜியர் நகரில் 1304-ல் பிறந்தார். காஜிமார்கள் வழிவந்த குடும்பம். ஹிஜ்ரி 725 ரஜப் பிறை 2, அதாவது 1325 ஜூன் 14-ல், ஹஜ்ஜை நாடி வீட்டை விட்டுக் கிளம்பினார். அப்போது வயது 21. கூட வர ஒரு துணையும் இல்லை. சேர்ந்து போக ஒரு கூட்டமும் இல்லை. தாயும் தகப்பனும் உயிரோடிருந்தார்கள். அவர்களைப் பிரிந்தது பெரிய துக்கமாக இருந்தது என்று பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார்.

வழியில் தூனிஸ் நகரத்து வியாபாரிகளோடு சேர்ந்துகொண்டார். பிஜாயா என்ற ஊரில் கடுமையான காய்ச்சல் கண்டது. தங்கிப் போகச் சொன்னார்கள், அவர் கேட்கவில்லை. அப்படியானால் உன் மிருகத்தையும் கனமான சாமான்களையும் விற்றுவிடு, சவாரிக்கு மிருகமும் படுக்கக் கூடாரமும் நான் இரவல் தருகிறேன் என்று கூட வந்த ஒருவர் முன்வந்தார். கான்ஸ்டன்டைன் நகரத்தருகே பெருமழை பிடித்துத் துணிமணியெல்லாம் சேறாயிற்று. அந்நகரத்து அதிகாரி அதைப் பார்த்து, துணிகளைத் துவைக்கச் செய்தார். கிழிந்துபோன ஆடைக்குப் பதிலாகப் புது ஆடை கொடுத்தார். அதன் முனையில் இரண்டு பொற்காசுகள் முடிந்திருந்தன. பிரயாணத்தில் அவர் பெற்ற முதல் உபகாரம் அதுவே.

மறுபடியும் காய்ச்சல் வந்தது. கீழே விழுந்துவிடாமலிருக்கத் தலைப்பாகைத் துணியால் தம்மைச் சேணத்தோடு கட்டிக்கொண்டு தூனிஸ் போய்ச் சேர்ந்தார். ஊரார் திரண்டு வந்து தத்தம் உறவினரைக் கட்டித் தழுவி ஸலாம் சொன்னார்கள். இவருக்குச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. மனம் தாளாமல் அழுதுவிட்டார். ஹாஜி ஒருவர் அதைக் கவனித்து அருகில் வந்தார், ஸலாம் சொன்னார், ஊருக்குள் போகும்வரை பேச்சுத் துணையாக வந்தார். அவர் கொடுத்தது பணமில்லை, பண்டமில்லை, ஒரு ஸலாம்தான்.

பிறகு அவர் ஹஜ்ஜை முடித்து, இராக், யமன், ஆப்பிரிக்கக் கீழ்க்கரை, துருக்கி என்று பல தேசங்களைச் சுற்றி டில்லி சேர்ந்து, ஸுல்தான் முஹம்மது பின் துக்ளக்கிடம் காஜியாக இருந்தார். 1342-ல் ஸுல்தான் அவரைச் சீனத்துக்குத் தூதராக அனுப்பினார். ஏராளமான வெகுமதிகளும் குதிரைப் படையும் கூடச் சென்றன. ஆனால் இன்று அலிகார் எனப்படும் கோயில் என்ற ஊர்ப்பக்கத்தில் நடந்த சண்டையில் கூட்டத்தை விட்டுப் பிரிந்து கொள்ளைக்காரர் கையில் சிக்கினார். கொல்வதாகத்தான் இருந்தது. காவலிருந்தவர்கள் மனமிரங்கி, மேலாடையை வாங்கிக்கொண்டு போகவிட்டார்கள். பல நாள் காட்டில் அலைந்தார். கயிறு இல்லாத கிணற்றில் செருப்பைத் துணியில் கட்டி விட்டுத் தண்ணீர் மொண்டார். நடக்க முடியாமல் கிடந்தபோது கறுத்த மேனியர் ஒருவர் குடமும் தடியுமாக வந்து ஸலாம் சொன்னார். வறுத்த கடலையும் அரிசியும் தின்னக் கொடுத்து, தம் முதுகிலேயே தூக்கிச் சென்று ஒரு கிராமத்தில் சேர்த்தார். கண் விழித்துப் பார்த்தபோது ஆளைக் காணோம்.

கள்ளிக்கோட்டையில் ஜும்ஆவுக்காக அவர் கரையில் தங்கியிருந்த சமயம், புயலில் கப்பல் உடைந்து கூட்டாளிகள் மாண்டார்கள். தூதருக்கு மிஞ்சியவை ஒரு தொழுகை விரிப்பும் பத்துப் பொற்காசும். பின்பு மாலத்தீவில் காஜியாக இருந்துவிட்டு, 1344-ல் இலங்கை சென்றார். புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தி அவரை உபசரித்தார். பாவா ஆதம் மலைக்குப் போக விரும்பியதும் பல்லக்கு தந்தார். நான்கு யோகிகள், மூன்று பிராமணர், பத்து ஆட்கள், உணவு சுமக்கப் பதினைந்து பேர் என்று துணையும் அனுப்பினார். முஸ்லிம் யாத்திரிகருக்கு இந்து அரசர் செய்த உபகாரம் இது.

அங்கிருந்து மஅபர் என்று அரபிகள் அழைத்த நம் தமிழ்க் கரைக்கு வரும் வழியில் கப்பல் தரை தட்டியது. மிதவையில் எல்லோருக்கும் இடமில்லை. கூட்டாளிகளையும் பெண்களையும் அதில் அனுப்பிவிட்டுத் தாம் உடைந்த கப்பலிலேயே இரவைக் கழித்தார். விடிந்ததும் கரையோரத்து மக்கள், முஸ்லிம் அல்லாதவர்கள், படகில் வந்து மீட்டார்கள். பனங்கனியும் நல்ல மீனும் கொடுத்து ஆதரித்தார்கள்.

அப்போது மதுரையை ஆண்டவர் ஸுல்தான் கியாஸுத்தீன். இவருடைய சகலை. ஆனால் அந்த ஸுல்தான் பிடிபட்டவர்களைப் பெண்கள் பிள்ளைகள் உட்படக் கொல்வித்ததைக் கண்டு இப்னு பதூதா மனம் பதறினார். உறவென்று மறைக்கவில்லை, இது வேறெந்த அரசனும் செய்யாத கொடுமை என்று எழுதிவைத்தார். கரையில் காப்பாற்றியவர்கள் வேற்று மதத்தார். கொடுமை செய்தவர் சொந்த உறவினர். இரண்டையும் உள்ளபடி சொன்னதில்தான் அவருடைய நேர்மை தெரிகிறது. பிறகு மதுரையில் கொள்ளைநோய் பரவி ஸுல்தானும் இறந்தார். இப்னு பதூதாவுக்கும் காய்ச்சல் கண்டது. ஏறக்குறைய ஒரு ராத்தல் புளியைக் கரைத்துக் குடித்து, அல்லாஹ்வின் கிருபையால் பிழைத்தார்.

அப்புறம் மலையாளக் கரையில் பன்னிரண்டு கொள்ளைக் கப்பல்கள் சூழ்ந்து, இலங்கை அரசர் தந்த முத்துக்களையும் கற்களையும் பறித்துக்கொண்டு, கால்சட்டையோடு விட்டுப்போயின. அந்தக் கோலத்தில் கள்ளிக்கோட்டைப் பள்ளிவாசலில் நுழைந்தார். ஆலிம் ஒருவர் அங்கி அனுப்பினார். காஜி தலைப்பாகை அனுப்பினார். வியாபாரி ஒருவர் இன்னோர் அங்கி அனுப்பினார். அந்த வியாபாரியை நாம் நினைவில் வைக்க வேண்டும்.

நமக்கு எதிர்க்கரையான சுமத்ராவின் வடபகுதியிலுள்ள சமுத்ரா பட்டணத்துக்கும் அவர் வந்தார். ஈயத்துண்டுகளைக் காசாக வழங்கிய ஊர் அது. ஷாபி மத்ஹபைப் பின்பற்றிய ஸுல்தான் மலிக்குல் ளாஹிர் அவரை உபசரித்துச் சீனத்துக்குக் கப்பலும் உணவும் கொடுத்தனுப்பினார்.

1349-ல் தாயகம் திரும்பினார். தகப்பனார் இறந்து வருஷங்கள் ஆகியிருந்தன. தாயார் அப்போதுதான் கொள்ளைநோயில் மாண்டிருந்தார். கபுரைத்தான் ஜியாரத் செய்ய முடிந்தது. பின்னர் மொராக்கோ ஸுல்தானின் கட்டளைப்படி அவர் சொல்ல, இப்னு ஜுஸை எழுதி, 1355-ல் நூல் முடிந்தது. வழியில் எழுதிய குறிப்புகளில் சில கடற்கொள்ளையிலேயே போய்விட்டன. போன இடங்களிலும் வருஷங்களிலும் சில பொருந்தவில்லை என்று ஆராய்ச்சியாளர் சொல்வதும் உண்டு. ஆனால் முப்பது வருஷத்துக்கு முன் துணி முனையில் முடிந்து கொடுத்த இரண்டு காசையும், தூனிஸில் கிடைத்த ஸலாமையும் அவர் மறக்கவில்லை. நல்ல வியாபாரி பற்று வரவை மறக்காதது போலத்தான் இது. மறுபடியும் காஜியாக இருந்து, 1368-69 வாக்கில் காலமானார்.

இன்று நம் ஊர்ப் பிள்ளைகள் விமானத்தில் வந்து இறங்குகிறார்கள். நாஸி கண்டார் கடைகளிலும் மளிகைக் கடைகளிலும் வேலைக்குச் சேருகிறார்கள். ஜும்ஆ முடிந்து கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் நாம் ஒருவரையொருவர் நலம் விசாரித்து நிற்கும்போது, தூணோரத்தில் அப்படி ஒரு பிள்ளை பேச ஆளில்லாமல் நிற்கும். அடுத்த வெள்ளிக்கிழமை, கடை திறக்கப் போகும் அவசரத்திலும், முதல் ஸலாம் அந்தப் பிள்ளைக்கு இருக்கட்டும்.