நின்று காட்டிய தறி

நுழையும் முன்

நெய்து முடித்த துணியில் குறையைத் தேடி ஒதுக்குவது ஒரு வழி. குறை தோன்றும் கணத்திலேயே அதனைத் தடுத்து நிறுத்துவது மற்றொரு வழி. இரண்டாம் வழியைத் தறியின் உறுப்பாகவே அமைத்தவர் ஜப்பான் நாட்டின் சகிச்சி டொயோடா. தொடக்கக் கல்வியோடு பள்ளியை விட்டு நீங்கிய தச்சர் மகன், உலகத் தொழில்துறைக்கே ஒரு நெறியை வகுத்த வரலாறு இது.

தச்சுப் பட்டறையிலிருந்து

ஜப்பானின் இன்றைய ஷிசுவோகா மாநிலத்தில், கொசாய் நகரத்தைச் சேர்ந்த யமகுச்சி என்னும் சிற்றூரில், 1867ஆம் ஆண்டு பிப்ரவரி 14ஆம் நாள் சகிச்சி பிறந்தார். தந்தை தச்சர். பள்ளிப்படிப்பை முடித்ததும் தந்தையிடமே தொழில் பயின்றார். அவ்வூர் உழவர் குடும்பங்களில் பெண்கள் இரவிலும் தறியில் அமர்ந்து உழைத்தனர். ஒரு கையால் கயிற்றை இழுத்து நாடாவை ஓடச் செய்ய வேண்டும். மறு கையால் அச்சுப்பலகையை அசைத்து ஊடை நூலை நெருக்க வேண்டும். உழைப்பு மிகுதி, கிடைத்த துணியோ குறைவு. இக்காட்சி இளைஞர் சகிச்சியின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

1885இல் ஜப்பானில் கண்டுபிடிப்புகளுக்குக் காப்புரிமை வழங்கும் சட்டம் பிறந்தது. கற்றவர் துணையோ பொருள்வளமோ இல்லாத தம்மாலும் நாட்டுக்குப் பயன்பட முடியும் என்னும் நம்பிக்கையை அச்சட்டம் அவருக்கு அளித்தது. தச்சு வேலையை மறந்து, தறிகளைச் செய்வதும் பிரிப்பதுமாக நாள்களைக் கழித்தார். தந்தை கடிந்துகொண்டார், ஊரார் அவரை விந்தை மனிதராகக் கருதி நகைத்தனர். 1890இல் டோக்கியோவின் உவேனோவில் நடந்த தொழிற் பொருட்காட்சிக்குச் சென்று, பல நாள்கள் தொடர்ந்து இயந்திரங்களின் இயக்கத்தை உற்றுநோக்கினார்.

ஒரு கை போதும்

அவ்வாண்டிலேயே அவருடைய முதல் கண்டுபிடிப்பு உருவாயிற்று. மரத்தாலான அக்கைத்தறியில் அச்சுப்பலகையை ஒரு கையால் முன்னும் பின்னும் அசைத்தாலே நாடா தானாக ஓடியது. நெய்பவரின் உடல் அசைவு குறைந்தது. உற்பத்தி ஏறக்குறைய 40 முதல் 50 விழுக்காடு உயர்ந்தது. துணியின் நெசவும் சீராயிற்று. 1891இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். உழைப்பவரின் உடலுக்கு ஏற்பக் கருவி அமைந்தால் வேலை எளிதாவதோடு பொருளின் தரமும் உயரும் என்பதை அத்தறி மெய்ப்பித்தது.

இழை அறுந்தால்

1896இல் மரமும் இரும்பும் சேர்ந்த விசைத்தறியை அவர் உருவாக்கினார். கைத்தறியில் இழை அறுந்தால் நெய்பவர் உடனே உணர்ந்து நிறுத்துவார். விசைத்தறியோ அதனை அறியாது ஓடிக்கொண்டே இருக்கும். அதன் விளைவு, முழம் முழமாகக் குறையுள்ள துணி. அதனைத் தவிர்க்க ஒவ்வொரு தறியின் அருகிலும் ஒருவர் கண் இமைக்காது காவல் நிற்க வேண்டியிருந்தது. சகிச்சியின் விசைத்தறியிலோ ஊடை நூல் அறுந்தாலும் தீர்ந்தாலும் தறி தானே நின்றது. பாவு நூல் அறுந்தாலும் தறி நிற்கும் அமைப்பைப் பின்னர் ஏற்படுத்தினார். இத்தறிகளில் நெய்த துணியின் ஒரே சீரான தரத்தைக் கண்டு வியந்த மிட்சுய் வணிக நிறுவனம், அவருடைய முயற்சிகளுக்குத் துணைநின்றது.

வீழ்ச்சியும் எழுச்சியும்

1907இல் அவர் பெயரிலேயே தறி உற்பத்தி நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. தொழில் நலிவுற்றபோது பொறுப்பு அவர்மீது சுமத்தப்பட்டது. 1910இல் தம் பெயர் தாங்கிய நிறுவனத்தைவிட்டே வெளியேறினார். மனம் நொந்த நிலையில் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் பயணமானார். அங்கு இயங்கிய தறிகளைக் கண்டபோது, தம் தறிகள் அவற்றுக்குத் தாழ்ந்தவையல்ல என்பதை உணர்ந்தார். நாடு திரும்பி, 1911இல் நகோயாவில் சொந்த நெசவாலையை நிறுவினார்.

அங்கே வேறொரு தடை எதிர்ப்பட்டது. தரமற்ற நூல் அடிக்கடி அறுந்ததால், தறி நின்றதற்குக் காரணம் நூலா இயந்திரமா எனப் பிரித்தறிய இயலவில்லை. ஆகவே, தறியைச் சோதிக்கத் தேவையான நல்ல நூலைத் தாமே நூற்கத் தொடங்கினார். குறையின் வேர்வரை சென்று களையும் அவருடைய இயல்பை இது காட்டுகிறது.

இடைவிடாத உழைப்பின் கனியாக, 1924இல் ஜி வகைத் தானியங்கித் தறி நிறைவு பெற்றது. ஓட்டத்தின் வேகம் குறையாமலேயே நூல் தீர்ந்த நாடா வெளியேறிப் புதிய நாடா இடம்பெற்றது. இழை அறுந்தால் தறி நின்றது. எனவே ஒரே தொழிலாளர் பல தறிகளைக் கவனிக்க முடிந்தது. 1929இல் நெசவு இயந்திர உற்பத்தியில் புகழ்பெற்ற இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் இதன் காப்புரிமையைப் பயன்படுத்த ஒரு லட்சம் பவுண்டு தர உடன்பட்டது. மறு ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் சகிச்சி இயற்கை எய்தினார்.

நிலைத்த நெறி

அவர் மகன் கிச்சிரோ முன்னின்று வளர்த்த மகிழுந்துத் தொழில் 1937இல் டொயோட்டா நிறுவனமாக மலர்ந்தது. தந்தையின் நெறி அங்கும் தொடர்ந்தது. குறை கண்டால் எந்தத் தொழிலாளரும் உற்பத்தி வரிசையை நிறுத்தலாம் என்பது அங்கு நடைமுறையாயிற்று. 'ஜிதோகா' எனப்படும் இந்நெறியைத் தானியங்கலைக் குறிக்கும் ஜப்பானியச் சொல்லில், மனிதரைக் குறிக்கும் உறுப்பு ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்து எழுதுவர். இயந்திரத்துக்கு மனிதர் காவலாளி அல்லர். மனிதரின் அறிவுக்கு இயந்திரமே துணை என்பது அதன் உட்பொருள். ஓடுவது மட்டுமன்று, நிற்க வேண்டிய நேரத்தில் நிற்பதும் ஆக்கமே என்று சகிச்சியின் தறி உலகுக்கு உணர்த்தியது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதியில் உள்ள தறிக்கூடம் அல்லது தையற்கூடத்திற்குச் சென்று, குறைகளைக் கண்டறியும் முறைகளைக் கேட்டறிந்து தொகுக்க.
2. நாள்தோறும் பயன்படுத்தும் கருவி ஒன்றை, உடலுக்கு ஏற்றவாறு எவ்வாறு மாற்றியமைக்கலாம் எனக் கலந்துரையாடுக.