திண்டிவனத்தில் ஓர் இரவு

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, தேவ அழைப்பைப் பற்றி இளைஞர்களுக்கு ஏதாவது எழுதுங்கள் என்றார்கள். உபதேசம் எழுத எனக்கு வராது. கல்லூரியில் படித்த நாளில் ஜெபக்கூட்டம் முடிந்ததும் ஹாஸ்டல் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு, ஆண்டவர் நம்மை எதுக்குக் கூப்பிடுறார்னு எப்படித் தெரியும் என்று விடிய விடியப் பேசிய கூட்டத்தில் நானும் ஒருவன். அதற்கு இன்றைக்கும் என்னிடம் ஒரு வாக்கியத்தில் பதில் கிடையாது. ஒரு அம்மாவின் கதைதான் இருக்கிறது. வேலூர் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதை.

வேலூர் என்றதும் நமக்கு அது வடஆற்காடு. ஆனால் ஐடாவுக்கு அழைப்பு வந்த இடம் திண்டிவனம். கள்ளக்குறிச்சியும் திண்டிவனமும் அன்றைக்கு ஒரே தென்னாற்காடு ஜில்லா. அந்த வகையில் இது நம்ம ஊர்க் கதைதான்.

ஐடா 1870 டிசம்பர் 9-ஆம் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தா டாக்டர் ஜான் ஸ்கடர், நியூயார்க்கில் நல்ல பிராக்டிஸ் உள்ள டாக்டர். ஒரு நோயாளி வீட்டில் காத்திருந்த நேரத்தில் கையில் கிடைத்த ஒரு சிறு பிரசுரத்தைப் படித்துவிட்டு, 1819-ல் இலங்கைக்குக் கப்பலேறி, பிறகு சென்னைக்கு வந்தவர். அவருடைய ஏழு மகன்மாரும் இந்தியாவில் மிஷனெரிகளானார்கள். அவர்களில் ஒருவர்தான் ஐடாவின் தகப்பனார்.

இப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்த பெண்ணுக்கு ஊழியம் ரத்தத்திலேயே ஊறியிருக்கும் என்று நினைப்போம். அதுதான் இல்லை. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினிக் குழந்தைகளின் கையில் ரொட்டித் துண்டு கொடுக்கும் வேலையைச் செய்த சிறுமி அவர். அந்தக் காட்சி மனசில் அப்படியே நின்றுவிட்டது. அமெரிக்காவில் நார்த்ஃபீல்டு பள்ளியில் படித்தபோது, மிஷனெரியாக மட்டும் ஆகவே மாட்டேன் என்று தோழிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று 1890-ல் திண்டிவனம் வந்தார். கொஞ்ச நாள் இருந்து பார்த்துக்கொண்டு திரும்பிப் போய்விடுவதுதான் திட்டம்.

அந்த நாட்களில்தான் அந்த இரவு வந்தது. ஒரு பிராமண இளைஞர் வந்து கதவைத் தட்டினார். மனைவிக்குப் பிரசவ வேதனை, உடனே வர வேண்டும் என்றார். ஐடா, எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பாதான் டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்று சொல்ல, வந்தவர் மறுத்துவிட்டார். அந்நிய ஆண் தன் மனைவியைத் தொட்டுப் பார்ப்பதை அவரால் ஏற்க முடியவில்லை. சற்று நேரத்தில் ஒரு முஸ்லிம், அதே வேண்டுகோள், அதே மறுப்பு. பிறகு மூன்றாவதாக ஒரு உயர்சாதி இந்து. அன்றிரவு ஐடா தூங்கவில்லை. காலையில் சாவு மேளம் கேட்டது. ஆள் அனுப்பி விசாரித்தால், மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள்.

கதவை மூடிக்கொண்டு வெகுநேரம் ஜெபித்துவிட்டு, டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்று பெற்றோரிடம் வந்து சொன்னார்.

நம்ம கூட்டங்களில் இந்தச் சாட்சியை இத்தோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதில் ஒரு மனக்குறை உண்டு. வானத்திலிருந்து சத்தம் ஒன்றும் கேட்கவில்லை, பாருங்கள். கேட்டதெல்லாம் பக்கத்துத் தெருவின் மேளம்தான். அன்றைக்கு எடுத்த முடிவு சரியா என்று சோதித்துப் பார்க்க அவருக்கு நிறைய வருஷங்கள் இருந்தன. 1895-ல் பிலடெல்பியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு நியூயார்க் கார்னெல் கல்லூரிக்கு மாறி 1899-ல் பட்டம் பெற்றார். நடுவில் எந்த நாளிலும் விட்டுவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. கல்யாணமும் செய்துகொள்ளவில்லை.

கிளம்பும் சமயத்தில் ஷெல் என்ற வங்கிக்காரர், காலமான மனைவி மேரி டேபரின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். 1900-ன் தொடக்கத்தில் ஐடா வந்து சேர்ந்தார். தகப்பனாரிடம் தொழில் பழகலாம் என்று நினைத்திருக்க, அதே வருஷம் அவர் இறந்துவிட்டார். பழகாத கை, தனி ஆள். பங்களாவில் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் ஆரம்பித்தார். 1902-ல் வேலூரில் ஷெல் ஆஸ்பத்திரி திறந்தது. குடியாத்தம் போகும் வழியில் மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி மருந்து கொடுத்தார். மோட்டார் காரை முதன்முதலாகப் பார்த்துப் பேய் என்று ஓடினவர்களும் உண்டாம்!

ஒருத்தியால் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? 1909-ல் நர்ஸ்களுக்குப் பள்ளி. 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. மூன்று பேர் மனுப் போட்டாலே பெரிய விஷயம் என்று சர்க்கார் அதிகாரி சொன்னார். வந்தவை 151. 1922-ல் இறுதித் தேர்வு எழுதிய 14 பெண்களும் முதல் முறையிலேயே தேறினார்கள்.

ஆனால் என் மனதை அதிகம் தொட்டது அவருடைய எழுபது வயதுக் கதைதான். 1930-களின் இறுதியில் சர்க்கார் சட்டத்தை மாற்றியது, இனி எம்.பி.பி.எஸ். தரம் இல்லாவிட்டால் கல்லூரியை மூட வேண்டியதுதான். அதற்கான பணமும் ஆளும் வேண்டுமென்றால் ஆண்களையும் சேர்க்க வேண்டும் என்ற பேச்சு வந்தது. பெண்களுக்காகவே அழைக்கப்பட்டேன் என்று நம்பி வாழ்ந்தவர் அவர். அந்த நம்பிக்கையில் பணம் கொடுத்த சிநேகிதி லூசி பீபடி அம்மையார் கடுமையாக எதிர்த்தார். இளவயதில் வந்த அழைப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதா, இல்லை அது வளர்வதற்கு இடம் விடுவதா? ஐடா சம்மதித்தார். நெடுநாள் சிநேகம் கசந்தது. 1941-ல் நிதி திரட்ட மறுபடி அமெரிக்கா போனார். 1942-ல் எம்.பி.பி.எஸ். ஆரம்பமானது, 1947-ல் ஆண் மாணவர்கள் உள்ளே வந்தார்கள்.

கல்வராயன் மலை அடிவாரத்தில் வளர்ந்தவன் என்பதால், இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வேறொரு காட்சி வரும். வெள்ளிமலைப் பக்கத்துக் குக்கிராமங்களிலிருந்து பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணைப் போர்வையில் டோலி கட்டி, இரண்டு ஆண்கள் தோளில் சுமந்து, கல்லும் முள்ளுமான பாதையில் இறக்கிக்கொண்டு வருவார்கள். சிறுவனாக ஓரமாய் நின்று பார்த்திருக்கிறேன். ஒருதரம் டோலி அடிவாரம் வந்து சேர்ந்தபோது உள்ளே சத்தமில்லை. அன்றைக்கு நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கினேன். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இப்போது கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் (2019). 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. அதில் படிக்கும் நம்ம பக்கத்துப் பெண்பிள்ளைகளைப் பார்த்தால் ஐடா அம்மையார் சந்தோஷப்பட்டிருப்பார்.

அவர் 1960 மே மாதம் கொடைக்கானலில், 89-ஆம் வயதில் காலமானார். மூன்று பேர் வந்து கதவைத் தட்டிய அந்த இரவைத் தம் கடைசிக் காலம் வரை மாணவிகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.