எர்னஸ்ட் மாக்

கொங்குநாட்டிற் பிறந்து வளர்ந்த நம்முள் இளமையில் தட்டாமாலை சுற்றி விளையாடாதார் யாவர்? சுற்றி நின்றவுடன் வீடும் வேலியும் பனைமரமும் நம்மைச் சூழ்ந்து ஓடுவனபோல் தோன்றுதலை அனைவரும் அறிவோம். குழந்தைகள் கண்டு நகைக்கும் இவ்விந்தையைப் பெருவினாவாகக் கொண்டு ஆராய்ந்த பேரறிஞர் ஒருவரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

எர்னஸ்ட் மாக் 1838-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 18-ஆம் நாள், அக்காலத்து ஆஸ்திரியப் பேரரசைச் சேர்ந்த மொராவியாவிற் பிறந்தார். இளமையில் தந்தையாரிடம் கல்வியும், அதனுடன் தச்சுத்தொழிலும் பயின்றார். வியன்னா சர்வகலாசாலையில் 1860-இல் டாக்டர் பட்டம் பெற்று, 1867 முதல் 1895 வரை பிராக் நகரில் பௌதிக ஆசிரியராய் விளங்கினார்.

ஒருகால் இவர் ரயிலிற் செல்லுங்கால், வண்டி வளைவிலே திரும்பியபொழுது வெளியேயுள்ள வீடுகளும் மரங்களும் சாய்ந்து நிற்பனவாகக் கண்டார். கல்லாறு கடந்து குன்னூருக்கு ஏறும் நம் மலைரயிலிலும், ஏற்றத்தால் வண்டி சரிந்திருத்தலின், நேர்நிற்கும் மரங்கள் சாய்ந்தனபோல் தோன்றுவதுண்டு. பலரும் கண்டு மறக்கும் இத்தோற்றத்தை மாக் மறந்திலர்.

அவர் சுழல் நாற்காலியொன்றை அமைத்து, வெளிக்காட்சி புகாதவாறு காகிதப் பெட்டியால் மூடி, தம் உடலையே சோதனைக்கு உட்படுத்தினார். சுழற்சி தொடங்குங்கால் அது நன்கு புலனாயிற்று. ஒரே வேகத்தில் நீடித்தபொழுது அவ்வுணர்ச்சி மெல்ல மறைந்தது. நாற்காலி நின்றதும் எதிர்த்திசையிற் சுழல்வதாகத் தோன்றிற்று. ஆகவே, நாம் உணர்வது வேகத்தையன்று, வேகத்தின் மாறுதலையே என்று துணிந்தார். அவ்வுணர்ச்சிக்கு இருப்பிடம் உட்செவியிலுள்ள அரைவட்டக் குழல்கள். உடல் நின்ற பின்னும் அவற்றிலுள்ள நீர் சிறிது தள்ளுதலால், சுழல்கின்றோம் என்னும் பொய்ச்செய்தி மூளைக்கு எட்டுகின்றது. விழிகள் நாம் அறியாமலே அதற்கேற்ப அசைகின்றன. நிலைத்த பொருள்கள் ஓடுவனபோல் தோன்றுகின்றன. இம்முடிவுகளை 1875-இல் நூலாக வெளியிட்டார். வியன்னாவில் பிராயரும், எடின்பரோவில் கிரம் பிரவுனும் தனித்தனியே ஆராய்ந்து ஏறக்குறைய இதே முடிவை எய்தினர்.

இவ்வாராய்ச்சியால் விளைந்த பயன் சிறிதன்று. மேகத்தினுள் மெல்லத் திரும்பும் விமானத்தை ஓட்டுவோன் அத்திருப்பத்தை உணரான். தன் உணர்ச்சியையே நம்பின் உயிரிழப்பான். ஆதலின் உடலை நம்பாது கருவியை நம்புமாறு விமானிகள் பயிற்றப்படுகின்றனர். ஒலியின் வேகத்தோடு விமானத்தின் வேகத்தை ஒப்பிட்டுரைக்கும் எண்ணும் இவர் பெயராலேயே வழங்குகின்றது.

1898-இல் பக்கவாதம் இவர் வலப்பக்கத்தைத் தாக்கியது. உடலின் அசைவை ஆராய்ந்தவர் அவ்வசைவையே இழந்தும் எழுதுதலை விட்டிலர். 1916-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் மியூனிச் நகரை அடுத்து உயிர்நீத்தார். அணு உண்டு என்பதை இவர் நெடுங்காலம் ஏற்க மறுத்தார். பேரறிஞரும் பிழைபடுதல் உண்டு.

மாணவ நண்பர்களே, கண்ணாற் கண்டதும் பொய்யாதல் கூடும். அஃது ஏன் பொய்த்தது என வினவுதலே அறிவின் தொடக்கமாம்.