மக்களுக்கு உரிமையான மகாகவி

1882ஆம் ஆண்டு எட்டயபுரத்தில் தோன்றிய மகாகவி பாரதியார், தம் படைப்புகளை நாற்பது தொகுதிகளாக வெளியிட விழைந்து 1920இல் அன்பர்களிடம் பொருளுதவி வேண்டினார். எண்ணம் ஈடேறவில்லை. 1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் அவர் மறைந்தபோது, மனைவி செல்லம்மாளுக்கும் மகள்கள் இருவருக்கும் எஞ்சிய செல்வம் அவர் எழுத்துகளே.

ஆசிரியர் மறைந்தபின் ஐம்பது ஆண்டுகள் பதிப்புரிமை நிலைக்கும் என்பது அக்காலச் சட்டம். அதன்படி 1971 வரை அவர் பாடல்கள் தனியுடைமையே. காலப்போக்கில் நூலுரிமை பாரதியாரின் இளவல் சி. விசுவநாதனிடமும், இசைத்தட்டு, திரைப்பட உரிமைகள் ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடமும் சேர்ந்தன. நாடே பாடிய பாட்டைத் திரையில் பாட ஒருவரின் இசைவு வேண்டியதாயிற்று.

எழுத்தாளரும் கலைஞரும் இதனை எதிர்த்துக் குரலெழுப்பினர். 1949இல் சென்னை மாகாண அரசு உரிமைகளைப் பெற்றது. செட்டியார் விலையின்றி விட்டுக்கொடுத்தார். விசுவநாதனுக்கு 15,000 ரூபாயும், செல்லம்மாளுக்கும் மகள்களுக்கும் தலா 5,000 ரூபாயும் வழங்கப்பட்டன.

எனினும் அரசின் உடைமையாவது வேறு. அனைவர்க்கும் பொதுவாவது வேறு. 1955இல் அரசும் தன் உரிமையைத் துறந்த பின்னரே அப்பாடல்கள் முழு விடுதலை பெற்றன. விலை கொடாமல் அவற்றைப் பாடும் உரிமை இன்று எவர்க்கும் உண்டு; பாடம் பிழைபடாமல் காக்கும் கடமையும் அவ்வுரிமையோடு சேர்ந்ததே.