ஷைபானி இமாமும் கலீஃபாவின் சினமும்

போருக்கும் சட்டமுண்டு என்றதும் 1625-இல் நூலியற்றிய ஹாலந்து நாட்டுக் குரோஷியஸையே நாம் நினைக்கிறோம். அவருக்கு எட்டு நூற்றாண்டுகள் முன்னரே, இமாம் அபூஹனீஃபாவின் மாணாக்கர் முஹம்மது ஷைபானி (ரஹ்) அத்துறைக்கெனத் தனி நூல்கள் யாத்துவிட்டார். வாஸித்தில் பிறந்து கூஃபாவில் வளர்ந்தவர். பெண்டிரையும் சிறாரையும் கொல்லலாகாது, பகைவனுக்கு அளித்த அபயத்தை மீறலாகாது என்பன அவர் விளக்கிய விதிகளுட் சில.

ரக்காவில் காஜியாக விளங்கிய காலை அவ்விதியே அவரைச் சோதித்தது. கிளர்ச்சி செய்து, பின் எழுத்து மூலம் அபயம் பெற்றுச் சரணடைந்தவர் யஹ்யா பின் அப்துல்லாஹ். அவரைத் தண்டிக்க விழைந்த கலீஃபா ஹாரூன் ரஷீதுக்கு, அப்பத்திரம் செல்லாதெனும் தீர்ப்பு வேண்டியிருந்தது. செல்லும் என்றே தீர்ப்புரைத்தார் ஷைபானி. பதவி போயிற்று. செல்லாதென்று சொல்ல வேறொருவர் கிடைத்தார், எப்போதும் கிடைப்பார்கள்!

பின்னாளில் கலீஃபா இமாமை மீண்டும் அழைத்துக்கொண்டார். 805-இல் ரய் நகரில் இமாம் மறைந்தார். யஹ்யாவோ சிறையிலேயே மடிந்தார்.